நெருப்பு எந்தப் பக்கம்?

தும்பி இரவெல்லாம் தூங்கவில்லை என்று எழுதினால் அது பொய். அடித்துப் போட்ட மாதிரிதான் தூங்கினாள். விடிந்து, பல் தேய்த்து, யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போடும்போதுதான் பயம் பிடித்தது.

தும்பி என்பது மாமியார் வைத்த பெயர். ஓர் இடத்தில் கால் தரிக்காத மருமகளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? பெயர் வைத்தவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வேலையில் அவள் துணை விமானி. மாமனார் அதே கம்பெனியில் கேப்டன். கணவன், விமானிகளுக்குப் பரீட்சை நடக்கும் சிமுலேட்டர் கூடத்தில் டெக்னீஷியன். சாப்பிட உட்கார்ந்தால் விமானத்தைத் தவிர வேறு பேச்சே இல்லையா என்று அத்தை தலையில் அடித்துக்கொள்வார். இப்போது அந்தப் பேச்சும் இல்லை.

போன வாரம் என்ன நடந்தது என்று கேளுங்கள். டியூட்டி இல்லாத நாளில் மாமா யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு விமான நிலையம் வரை போனார். வாசல் காவலர், “இன்னைக்கு உங்க பேர் இல்லையே சார்” என்றதும் திரும்பி வந்தார். வீட்டுக்குள் நுழைந்து, “சும்மா காலாற நடந்துட்டு வந்தேன்” என்றார். தோளில் நாலு பட்டை போட்ட கேப்டன் சட்டையோடு யார் காலாற நடப்பார்கள்? தும்பி கேட்கவில்லை. அவள் கணவனும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அந்த வீட்டாருக்கு நல்ல பயிற்சி உண்டு.

மாமா கத்துகிற ஆள் இல்லை. குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. உயர்த்த வேண்டிய தேவையே வந்ததில்லை என்பதுதான் விஷயம். எதைச் சொன்னாலும் கடைசியில் “சரிதானே?” என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். ஜன்னல் திரைக்கு எந்த நிறம் என்பதிலிருந்து அத்தைக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதுவரை, எல்லாவற்றுக்கும் ஒரு “சரிதானே?” வீட்டிலிருப்பவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “சரிதான்” என்பார்கள். தும்பி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அதைக் கற்றுக்கொண்டாள்.

இன்று அவர்கள் இருவருக்கும் பரீட்சை. அரையாண்டுக்கொரு முறை எல்லா விமானிகளும் எழுதியாக வேண்டிய பரீட்சைதான், பேனா இல்லாமல். மாமாவுக்கு ஜோடியாக வரவேண்டிய துணை விமானிக்குக் காய்ச்சல் என்று, நேற்று மாலை டியூட்டி போடும் பிரிவிலிருந்து தும்பிக்குப் போன் வந்தது. மறுக்கக் காரணம் தேடினாள். கிடைக்குமுன் வாய் “சரி” என்றுவிட்டது.

இன்று பாஸ் என்றால் நாளைக் காலையில் மாமா நிஜ விமானத்தில் ஏறுவார். அவருக்குப் பின்னால் ஒரு விமானம் நிறைய ஆட்கள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இஸ்திரி போடும்போது அவளைப் பயமுறுத்தியது இந்த நினைப்புதான்.

“மாமா, கிளம்பலாமா?”

“கிளம்பலாம்மா. உன் புருஷன் எங்க?”

“அவர் விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாரு மாமா. மெஷினை ரெடி பண்ணணுமாம்.”

“ஆமா, ஆமா. சொன்னான்.”

கார் சாவியை மாமா அவள் கையில் கொடுத்தார். இந்த ஒரு மாதமாக அவர் வண்டி ஓட்டுவதில்லை. அதைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை.

*

சிமுலேட்டரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஆறு இரும்புக் கால்கள் முளைத்த கன்டெய்னர் பெட்டி. சின்னப் பாலம் வழியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், அச்சு அசல் விமானி அறை. கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை, விளக்கு, மழை, எது வேண்டுமோ அது. பெட்டி சாயும், குலுங்கும், தடதடக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு வியர்ப்பது மட்டும் நிஜம்.

பின்னால் கம்ப்யூட்டர் திரைக்கு முன் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய அம்மாள். விமானிகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் தராசம்மா. முகம் எந்தப் பக்கமும் சாயாது. பாஸா ஃபெயிலா என்று அவர் வாயைத் திறக்கும்வரை கடவுளுக்கும் தெரியாது என்பார்கள்.

“இந்தத் தடவை அவங்க ஓட்டட்டும். நீங்க உதவி பண்ணுங்க, கேப்டன்,” என்றார் தராசம்மா.

“சரி மேடம்.”

தும்பி ஓட்டினாள். மழை. விளக்குகள் வேகமாகப் பின்னால் ஓடின. மாமா வேகத்தைப் படித்துச் சொன்னார்; குரல் கணீரென்று இருந்தது. விமானத்தின் மூக்கு மேலே எழுந்தது. சக்கரம் உள்ளே போனது. ஒரு நிமிடம் அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது.

அப்போது மணி அடித்தது.

நெருப்பு மணி. வீட்டு அழைப்பு மணி போன்றதல்ல. நிறுத்தும்வரை மண்டைக்குள் அடிக்கும். சிவப்பு விளக்கு எரிந்தது. வலது எஞ்சினில் தீ. திரையிலும் அதுதான் எழுதியிருந்தது.

இங்கே ஒரு முறை இருக்கிறது. எரிகிற எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை நிறுத்த வேண்டும். அதற்கான சுவிட்சுகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பதற்றத்தில் நல்ல எஞ்சினை அணைத்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் ஒருவர் சுவிட்சின் மேல் கையை வைத்து, “கன்ஃபர்ம்?” என்று கேட்க வேண்டும். இன்னொருவர் திரும்பி, கை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, “கன்ஃபர்ம்ட்” என்று சொன்ன பிறகே அதை அணைக்கலாம். இரண்டு பேரை உட்கார வைத்திருப்பதே அதற்காகத்தான்.

மாமாவின் கை போனது. தயங்காமல், நேராக, இடது சுவிட்சின் மேல் போய் உட்கார்ந்தது.

“கன்ஃபர்ம்?”

தும்பி பார்த்தாள். கை இருந்த இடத்தைத் தெளிவாகவே பார்த்தாள்.

“கன்ஃபர்ம்ட்,” என்றாள்.

வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அதற்குள் இடது எஞ்சின் அடங்கிவிட்டது. வலது எஞ்சின் இன்னும் கொஞ்சம் எரிந்துகொண்டே தள்ளியது, பிறகு அதுவும் செத்தது. பெட்டிக்குள் அப்படி ஓர் அமைதி. மழைக்குள்ளிருந்து வீடுகளின் விளக்குகள் மேலே வர ஆரம்பித்தன. அவள் என்னென்னவோ செய்தாள். மாமா எதுவும் செய்யவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு குலுக்கல். திரை சிவந்து நின்றது. உள் விளக்கு எரிந்தது.

“ஒரு காபி குடிச்சிட்டு வாங்க,” என்றார் தராசம்மா. பெஞ்சில் கிடந்த குடையை எடுத்து வை என்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

*

கேன்டீனில் மாமா ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்துவிட்டார். தும்பி கணவனைத் தேடிப் போனாள். அவன் மெஷின் அறையில், எண்ணெய்க் குழாய்களுக்கு நடுவில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

அவனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவனும் விமானியாகத்தான் ஆசைப்பட்டான். கண் பரிசோதனையில் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட வேலை செய்பவர்கள் அவனை ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள், அவனும் சிரித்துக்கொள்வான். திருப்பி அனுப்பிய அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அவன் அப்பா திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “சரி” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்தச் சரியை அவன் இன்னும் ஜீரணிக்கவில்லை.

“எப்படிப் போச்சு?” என்று எழுந்தான் ஸ்பேனர்.

“விழுந்துட்டோம்.”

“என்னது?”

“வலது எஞ்சின்ல தீ. மாமா இடது எஞ்சினை அணைச்சிட்டாரு. நானும் சரின்னு சொல்லிட்டேன்.”

அவன் முகம் வெளுத்தது.

“வலதா? இடதுதானே வரணும்? காலையில நான்தானே மெஷின்ல ஏத்தினேன்!”

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் தும்பி காதில் விழுந்துவிட்டது. பக்கத்தில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் கேட்டது.

“நீ மாமாகிட்ட சொல்லிட்டியா?”

அவன் பம்பின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“என்ன வரப்போகுதுன்னு முன்னாடியே சொல்லிட்டியா? சொல்லுப்பா!”

“மேடம் கடைசி நிமிஷத்துல பக்கத்தை மாத்துவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“போன தடவையும் சொன்னியா?”

அவன் ஆமென்று தலையை ஆட்டினான். தும்பி சுவரில் சாய்ந்துகொண்டாள். போன பரீட்சையில் மாமா பிரமாதமாகச் செய்தார் என்று கம்பெனியே பேசியது. வீட்டுக்கு வந்து அத்தையின் படத்துக்கு முன்னால் அவர் நின்றதைக்கூட அவள் பார்த்திருந்தாள். மனிதர் சந்தோஷத்தில் கண்கலங்குகிறார் என்று நினைத்தாள். எவ்வளவு பெரிய முட்டாள்!

“அவரே கேட்டாரா?”

“கேக்கல. கேக்குற மாதிரி வந்து நின்னாரு. வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டு, ‘இப்பல்லாம் என்ன மாதிரி கேள்வி வைக்கிறாங்க?’ன்னாரு. என் வாழ்க்கையில அவர் என்கிட்ட எதுக்காவது வந்து நின்னிருக்காரா தும்பி? இதுக்கு மட்டும்தான். நான் எப்படி இல்லைன்னு சொல்றது?”

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. புருஷனை அறைவதா அணைத்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

“அவருக்கு முடியலைன்னு உனக்குத் தெரியும்,” என்றாள்.

“தூக்கம் இல்ல, அவ்வளவுதான். அம்மா போனதுலேருந்து—”

“தூக்கம் இல்லாதவங்க வலது இடது மறக்க மாட்டாங்க.”

அவன் அவள் கையைப் பிடித்தான். உள்ளங்கை எண்ணெய்ப் பிசுக்கோடு சில்லென்றிருந்தது.

“நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாம கேளு. மேடம் கேக்கும்போது நீ பார்க்காம சொல்லிட்டேன்னு சொல்லிடு. ஓட்டிக்கிட்டிருந்தேன், திரும்பிப் பார்க்கலைன்னு. தப்பு உன் பேர்ல போகும். என்ன பண்ணுவாங்க? திரும்பப் பயிற்சி கொடுப்பாங்க. நீ கேப்டன் ஆகுறது கொஞ்சம் தள்ளிப்போகும். உனக்கு வயசு இருக்கு. அவரு ஓய்வு பெறப்போற ஆளு. மரியாதையா இறங்கட்டுமே.”

“அதுவரைக்கும் நாளைக்கும் நாளன்னைக்கும் அவர் பின்னாடி வந்து உட்கார்றவங்க?”

“கூட ஒரு துணை விமானி இருப்பாங்கல்ல?”

“இன்னைக்கும் இருந்தாளே,” என்றாள் தும்பி. “நான்தான் இருந்தேன். என்ன நடந்துச்சு?”

ஸ்பேனர் கையை விட்டுவிட்டான். கதவுப் பக்கம் மணி ஒலித்தது. தராசம்மா கூப்பிடுகிறார்.

*

பெட்டிக்குள் மறுபடி மூன்று பேர். தராசம்மா திரையை அணைத்துவிட்டு நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“கேப்டன், நடந்ததைச் சொல்லுங்க.”

மாமா தொண்டையைச் செருமினார். “நெருப்பு மணி அடிச்சது. நான் சுவிட்சுல கை வெச்சுக் கேட்டேன். அவங்க கன்ஃபர்ம் பண்ணாங்க. அணைச்சேன். அவங்க இல்லைன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்.”

அவங்க. இரண்டு முறை அவங்க. வீட்டில் “வாம்மா, போம்மா” என்று பேசுபவர், இங்கே அவளை யாரோ போல ஒதுக்கி வைத்துவிட்டார். தும்பிக்கு அது சுருக்கென்று தைத்தது. அதைவிட மோசம் என்னவென்றால், அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தராசம்மா அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க அவர் கையைப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை. அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். வீட்டுக்குப் போகலாம். ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். மாமா எதற்காவது சரிதானே என்று கேட்பார்.

“பார்த்தேன் மேடம்.”

“எந்தச் சுவிட்ச்?”

“இடது.”

“தீ?”

“வலது. அதுவும் தெரிஞ்சது. தெரிஞ்சேதான் சரின்னு சொன்னேன்.”

மாமா சடாரென்று திரும்பினார். தராசம்மா முகம் அசையவில்லை.

“ஏன்?”

“வீட்டுல இவர் கேட்டா நாங்க யாரும் இல்லைன்னு சொன்னதில்ல மேடம். வாய்க்கு வேற வார்த்தை பழக்கமில்ல.”

சொல்லிவிட்டுத் தும்பி தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனை படிப்பு, எத்தனை பயிற்சி! கடைசியில் ஒரு சின்னக் குழந்தைமாதிரி இதைத்தான் சொல்ல முடிந்தது. அவமானத்தில் காது மடல்கூடச் சுட்டது.

“உங்களுக்கு இன்னைக்குப் பாஸ் கையெழுத்து கிடையாது. அதைத் தெரிஞ்சுக்கிட்டே சொல்றீங்களா?”

“தெரியும் மேடம்.”

தராசம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

“ஒரு தடவை திரும்பச் செய்யலாம். விதியில இடம் இருக்கு. அதே புறப்பாடு. எந்தப் பக்கம், என்ன கோளாறு, எதுவும் மெஷின்ல ஏத்தல. நானே விரலால வைப்பேன். பெல்ட்டைப் போடுங்க.”

*

மறுபடி மழை. மறுபடி விளக்குகள். மாமா வேகத்தைப் படிக்கும் குரல் இந்த முறை கணீரென்று இல்லை. மூக்கு மேலே எழுந்தது. தும்பி மணிக்காகக் காத்திருந்தாள். காத்திருப்பதைவிட அது வந்து தொலைந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

வந்தது. இடது எஞ்சினில் தீ.

மாமாவின் கை எழுந்தது. சுவிட்சுகளுக்கு மேலே வந்து, அப்படியே காற்றில் நின்றது. இடப்பக்கம் கொஞ்சம் போனது. வலப்பக்கம் கொஞ்சம் வந்தது. எதன் மேலும் உட்காரவில்லை.

“கன்ஃபர்ம்?” என்றார்.

கை எதையும் தொடவில்லை.

“எதை மாமா?”

அவர் அவளைப் பார்த்தார். கண்களில் பயம். இந்த மனிதர் பயந்து அவள் பார்த்ததே இல்லை. அத்தையைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட இல்லை. இத்தனை மாதமும் இந்தப் பயத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டுதான் தங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாரா?

அழுவதற்கு நேரம் இல்லை. எரிகிற எஞ்சின் காத்திருக்காது.

பக்கத்திலிருப்பவர் சரியில்லை என்று தோன்றினால் விமானிகளுக்கு ஒரு கடமை உண்டு. பதவியைச் சொல்லி ஒரு முறை கூப்பிட வேண்டும். சரியான பதில் வராவிட்டால் இன்னொரு முறை. அப்போதும் வராவிட்டால் மேற்கொண்டு காத்திருக்கக் கூடாது. அவர் மயங்கியவர் என்று வைத்துக்கொண்டு, விமானத்தை எடுத்துக்கொண்டு, கட்டுப்பாட்டு அறைக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

“கேப்டன், தீ எந்தப் பக்கம்?”

மாமா உதடு அசைந்தது.

“கேப்டன்! தீ எந்தப் பக்கம்?”

“நீயே சொல்லும்மா,” என்றார் மாமா.

“கையை எடுங்க,” என்றாள் தும்பி. “எதையும் தொடாதீங்க.”

அவர் எடுத்துவிட்டார். சொன்ன உடனே, பள்ளிக்கூடப் பிள்ளை போல எடுத்துவிட்டார். அதுதான் அவளை உடைத்தது. எத்தனை எளிதாக இருந்தது! யாராவது ஒருவர் எப்போதோ சொல்லியிருக்கலாம்.

தன் கையை இடது சுவிட்சின் மேல் வைத்தாள். தானே கேட்டாள். தானே விளக்கைப் பார்த்து, விரலைப் பார்த்து, தானே பதில் சொன்னாள். அணைத்தாள். மணி நின்றது. பிறகு ரேடியோ பொத்தானை அழுத்தினாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் தராசம்மாதான் கட்டுப்பாட்டு அறை. மாமா காதிலும் அதே ஹெட்செட் இருக்கிறது.

எஞ்சினைப் பற்றிச் சொன்னாள். அதைச் சொல்வது கஷ்டமாக இல்லை.

“கேப்டனால பறக்க முடியல,” என்றாள். “நான் தனியா வர்றேன். ஓடுபாதையில டாக்டர் வேணும்.”

“சொன்னது கேட்டது,” என்றது தராசம்மாவின் குரல். “டாக்டர் நிப்பாங்க.”

மாமா கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தும்பி வட்டமடித்து வந்து இறக்கினாள். அழகாக இறக்கவில்லை. தடாலென்று ஒரு போடு போட்டு, இழுத்துப் பிடித்து நிறுத்தினாள். நின்ற பிறகு சட்டையெல்லாம் நனைந்திருந்தது. இடப்பக்க இருக்கையில் இருந்த மாமாவின் கையை எட்டிப் பிடித்தாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

“நாளைக்கு ஃப்ளைட்டுக்கு வேற ஆளைப் போடச் சொல்லுங்க மேடம்,” என்றார் மாமா. அவ்வளவுதான். சரிதானே என்று கேட்கவில்லை.

*

பேச்சு முடிந்தது என்று தும்பி நினைத்தாள். முடியவில்லை. பக்கத்து அறையில் தராசம்மா அவர்களை உட்கார வைத்தார். மெஷினை நிறுத்திவிட்டு வந்த ஸ்பேனர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

“கேப்டன், ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு,” என்றார் தராசம்மா. “போன தடவையும் நான்தான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நல்லா செஞ்சீங்க. பாராட்டினேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் யோசிச்சேன். அன்னைக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே உங்க கை சுவிட்சுகிட்ட போயிடுச்சு.”

மாமா தன் கையைப் பார்த்தார்.

“அதனாலதான் இன்னைக்குக் கடைசி நிமிஷத்துல பக்கத்தை மாத்தினேன். இன்னைக்கும் உங்க கை மாத்துறதுக்கு முன்னாடி இருந்த பக்கத்துக்கே போச்சு. என்ன வரும்னு யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. யாரு?”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். சற்று முன் நடுங்கிய மனிதரா இவர் என்றிருந்தது. பழைய கேப்டன் மறுபடி வந்துவிட்டார்.

“யாரும் சொல்லல மேடம். போன தடவை நானே மெஷின் அறைக்குப் போய் ஸ்கிரீனைப் பார்த்தேன். இந்தத் தடவையும் அப்படித்தான். என் பையனுக்கு ஒண்ணும் தெரியாது.”

வாசலில் ஸ்பேனரின் வாய் திறந்து மூடியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் அப்பா அவனுக்காக ஒன்று செய்கிறார். அதுவும் பொய். அந்தப் பொய் அவன் முகத்தில் எவ்வளவு இதமாக இறங்கியது என்பதைத் தும்பி பார்த்தாள். இதே கூடத்தில் இவன் நாளைக்கு இன்னொருவருக்குச் சொல்வான். கேட்கிற மாதிரி யாராவது வந்து நின்றால் போதும்.

தராசம்மா யாரையும் கேட்கவில்லை. தும்பியை மட்டும் பார்த்தார்.

“மாமா சொல்றது உண்மையில்ல மேடம்,” என்றாள் தும்பி.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பேனர் இரண்டே எட்டில் உள்ளே வந்து அவள் தோளைப் பிடித்தான். பிடி வலித்தது.

“தும்பி, எழுந்திரு. எதுவா இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

அவள் அவன் கையைத் தோளிலிருந்து எடுத்தாள். மூலையிலிருந்த நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள்.

“வீட்டுல நாம எதையுமே பேசுறதில்லப்பா,” என்றாள். “உட்காரு. இங்கயே பேசிடலாம்.”